மூடினால் வரும் உரசல்

என் நாத்தனார் விமானம் ஓட்டுகிறாள். அவள் ஓட்டும் விமானத்தின் கேபிள்களைச் சோதித்து, சரி என்று முத்திரை குத்துகிறவள் நான். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் ஒரே குளியலறைக்காகக் கதவைத் தட்டிச் சண்டை போடுகிறோம். எலியும் பூனையும் என்று என் கணவர் சொல்வார். எலியாவது பூனையைக் கண்டால் ஓடும். எங்கள் இருவரில் ஓடுகிற ஆள் யாரும் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை அவள் ஐந்து மாதத்தில் மூன்றாவது முறையாக அதே புகாரை எழுதிக் கொடுத்தாள். விமானத்தின் மூக்கைத் தூக்கப் பிடியைத் தன் பக்கம் இழுக்கும்போது கையில் ஓர் உரசல் தெரிகிறது என்று. முதல் இரண்டு முறையும் தரைப்பலகைகளைத் திறந்து, கேபிளை முழுக்கப் பார்த்து, "குறை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

சும்மா போட்ட கையெழுத்து இல்லை அது. விமானி பிடியை இழுத்தால், காலுக்குக் கீழே பலகைக்கு அடியில் ஓடும் ஓர் எஃகு கேபிள் வால்வரை போய், அங்கே இருக்கும் மடலை அசைக்கிறது. சுண்டுவிரலில் பாதி கனம்கூட இருக்காது. நூற்று முப்பத்து மூன்று மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. பத்தொன்பது பேர் ஏறுகிற விமானம் அதை நம்பித்தான் மேலே போகிறது, கீழே வருகிறது. அதை நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பேன். பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம் இழுப்பேன். உடைந்த கம்பி ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும், எதிர்ப்பக்கம் இழுத்தால்தான் துணியில் மாட்டும். பிறகு பிடியைக் கடைசிவரை தள்ளி, கடைசிவரை இழுத்து, கப்பிக்குள் ஒளிந்திருக்கும் பகுதியை வெளியே வரவழைத்துப் பார்ப்பேன். கடைசியில் டென்ஷன் மீட்டரை மாட்டி இறுக்கத்தை அளப்பேன். அந்த மீட்டரை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து உன்மேல் மாட்டிப் பார்க்கணும் என்பார் என் கணவர். விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் கொட்டகையில் எனக்குப் பெயர் மிளகாய்.

எனக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. தரைப்பலகையைக் கழற்றும் முன் ஓர் அட்டையில் அந்தப் பலகையை வரைந்துகொள்வேன். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஸ்க்ரூ வந்ததோ, அதை அட்டையில் அதே இடத்தில் குத்தி வைப்பேன். மூடும்போது அது அதே ஓட்டைக்குத்தான் போக வேண்டும். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டிக் குலுக்கி எடுப்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கத்திக் கத்தித்தான் கொட்டகை முழுக்க இந்த அட்டை வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எங்கள் தலைமைப் பொறியாளரை எல்லோரும் "ஆகட்டும் சார்" என்போம். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். அன்று அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது என்றார். அதே விமானத்தை ஓட்டும் மற்ற நான்கு பேரும் ஒன்றும் எழுதவில்லை. திறந்து பார்த்த இரண்டு முறையும் குறை இல்லை. அப்படியென்றால் கோளாறு விமானத்தில் இல்லை, விமானியிடம். அவளைப் பறக்க விடுவதா வேண்டாமா என்பதைக் குழு முடிவு செய்யும். அதுவரை அவளுக்கு வேலை அட்டவணையில் இடம் இல்லை.

நான் மூன்றாவது முறையும் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஆகட்டும் என்றார். ஆனால் முகத்தைப் பார்த்தால், இரண்டு தடவை இல்லாதது மூன்றாம் தடவை எங்கிருந்து முளைக்கும் என்று எழுதி ஒட்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மாமியார் சுவரைப் பார்த்துப் பேசினார். வெளியே இருக்கிறவன் எதிரி என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வீட்டுக்குள்ளேயே இருந்தால் எந்தக் கதவைச் சாத்துவது என்றார். சுவர் பதில் சொல்லவில்லை. பல் மருத்துவமனைக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர் என் கணவர். அவர் மேசை விளக்கின் கீழ் யாருடைய பற்களையோ வைத்துத் தேய்த்துக்கொண்டு, தலையைத் தூக்கவே இல்லை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் இருபது வருஷம் இருந்தவருக்கு எப்போது தலையைத் தூக்கக் கூடாது என்று தெரியும்.

நாத்தனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். சண்டைக்கு வருவாள், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவள் வரவில்லை. நாற்காலியின் முதுகுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். நான் எதிரே உட்கார்ந்ததும், என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அண்ணி, எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. ஒருவேளை அப்படி ஒண்ணு இல்லவே இல்லையோ என்னவோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவள் யார் தெரியுமா? பதினாறு வயதில் அப்பாவோடு சண்டை போட்டு, இருபத்திரண்டில் பயிற்சியாளரோடு சண்டை போட்டு, வீட்டில் தினம் என்னோடு சண்டை போட்டு வந்தவள். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் வெளியே போய் நனைந்து பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் தன் கையையே நம்பாமல் உட்கார்ந்திருந்தாள். என்னை எதிர்த்துப் பேசாத நாத்தனாரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

"உன் கை பொய் சொல்லாது. நாளைக்குக் கிளம்பிக் கொட்டகைக்கு வா" என்றேன்.

பறக்கத்தான் தடை இருக்கே என்றாள். நடக்கத் தடை இல்லையே என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் விமானத்தின் பக்கமே போகவில்லை. முதலில் அலுவலக அறையில் உட்கார்ந்து, அவள் புகார் எழுதிய மூன்று நாட்களின் சுமைத் தாள்களை எடுத்தேன். எந்தப் பயணத்தில் எவ்வளவு எடை எங்கே ஏற்றினார்கள் என்று அதில் இருக்கும். மூன்றுமே விடியற்காலைப் பயணங்கள். மூன்றிலும் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றியிருந்தார்கள். ஐவரில் வயதில் சின்னவள் என்பதால் சரக்குப் பயணம் எப்போதும் அவள் தலையில்தான் விழும். மற்றவர்கள் எப்போதாவது ஓட்டினாலும் பாதிச் சுமைதான். முழுச் சுமை அவளுக்கு மட்டும்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சோதிக்கும்போது விமானம் காலியாக இருக்கும். அதுமட்டுமா, கேபிளைப் பார்க்க வேண்டும் என்று முதல் வேலையாகத் தரைப்பலகையையே கழற்றி ஓரமாக வைத்துவிடுவேன். பலகை மூடியிருந்து அதன்மேல் பாரமும் இருந்தால் மட்டுமே வருகிற கோளாறு என்றால், திறந்த நிமிஷமே அது ஓடிப் போயிருக்கும். அதைத் தேடுகிறேன் என்று இரண்டு தடவையும் நானே துரத்தி விட்டிருக்கிறேன்.

ஆகட்டும் சாரிடம் போய், பலகையைத் திறக்காமல் சோதிக்கப் போகிறேன், விமானி இருக்கையில் என் நாத்தனார் உட்கார வேண்டும் என்றேன். அவர் முதல் முறையாக ஆகட்டும் சொல்லவில்லை. தடையில் இருக்கிறவளை எப்படி உட்கார வைப்பது என்றார். இன்ஜின் ஓடாது, சக்கரம் நகராது, அவள் ஓட்டப் போவதில்லை, உட்காரத்தான் போகிறாள் என்றேன். வேறு யாராவது உட்காரலாமே என்றார். உரசல் தெரிந்த கை அது ஒன்றுதான் சார், வேறு கையை வைத்து நான் என்ன செய்வது என்று கேட்டேன். என் குரல் வெளியே டயர் அடுக்குகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். கடைசியில் ஆகட்டும் என்றார்.

நாத்தனார் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிடியை மெதுவாக இழுத்தாள், விட்டாள். ஒன்றும் இல்லை. நாங்கள் உதிரிச் சக்கரங்களை ஏற்றினோம். எண்ணெய் டின்களை ஏற்றினோம். பழைய பேட்டரிகளைக் கயிறு கட்டித் தூக்கி ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அவள் இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். முன்னூறு கிலோ ஆனது, நானூறு ஆனது. கீழே வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? வீட்டுச் சண்டைக்கு விமானத்தை ஏன் இழுக்கிறார்கள் என்று ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. சும்மா நிற்கிற வாய்க்குக் கையும் இருக்கும்தானே, ஏறி வா, நீயும் எடைதான் என்று அவரையும் ஏற்றிவிட்டேன்.

ஏற்றுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தேன். நல்ல ஆகிருதி. தொண்ணூற்றெட்டு கிலோதான் என்று பல வருஷமாகச் சாதிக்கிறவர். அவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பலகையாக நின்று நின்று நடக்கச் சொன்னேன். என்னை என்ன மூட்டை என்று நினைத்தீர்களா என்றபடியே ஏறினார். முதல் பலகை. ஒன்றும் இல்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவது பலகையின் ஓரத்தில் அவர் கால் வைத்தார்.

"இப்போ" என்றாள் நாத்தனார்.

அவரை நகரச் சொன்னேன். போய்விட்டது என்றாள். திரும்ப நிற்கச் சொன்னேன். இப்போ என்றாள். கண் மூடியே இருந்தது. அவள் அறியாமல் கையால் சைகை காட்டி அவரை ஆறு தடவை ஏற்றி இறக்கினேன், ஆறு தடவையும் சரியாகச் சொன்னாள். கீழே நின்ற கூட்டம் விமானத்தை நெருங்கி வந்தது.

மூன்றாம் பலகையைத் தொடவில்லை. பக்கத்துப் பலகையை மட்டும் கழற்றி, தரையில் குப்புறப் படுத்து, கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டினேன். ஸ்டோர் கீப்பர் நின்றபோது மூன்றாம் பலகையின் ஓரத்திலிருந்து ஒரு ஸ்க்ரூவின் முனை கேபிளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்தபோது இரண்டுக்கும் நடுவில் நகத்தளவு இடைவெளி. பிடியை முழுக்க இழுக்கச் சொல்லிவிட்டு, துணியைக் கேபிளில் சுற்றி அந்த இடம்வரை நகர்த்தினேன். துணி மாட்டிக்கொண்டது. நான்கு கம்பிகள் அறுந்திருந்தன.

நாத்தனார் இருக்கையிலிருந்து இறங்கி ஓடி வந்து, நானும் அழுக்கு, தரையும் அழுக்கு என்று பார்க்காமல் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணாடியில் அந்த நான்கு கம்பிகளையும் பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இருபது வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க இல்லன்னா அண்ணி, நான் கிறுக்கின்னு நானே நம்பியிருப்பேன்."

முகம் கழுவிக்கொண்டு வா என்று அவளை அனுப்பிவிட்டு, அந்த ஸ்க்ரூவைக் கழற்றினேன். பக்கத்து ஸ்க்ரூவோடு வைத்துப் பார்த்தேன். நீளம். ஸ்க்ரூவின் தலையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் சாம்பல் நிறப் பெயின்ட் பூசியிருந்தது, தூரிகையால் இல்லை, தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டு. அது என் கைவேலை.

ஏழு மாதத்துக்கு முன் பெரிய சோதனை முடிந்து பலகைகளை மூடும் நாள். ஒரு ஸ்க்ரூவின் தலை மழுங்கிப்போய்விட்டது. ஸ்டோர் பூட்டியாகிவிட்டது. எங்கள் எல்லோருடைய பெட்டியிலும் ஒரு டப்பா இருக்கும், மிச்சம் மீதி ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க. வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம், வைத்திருப்பது வழக்கம். என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். கொஞ்சம் நீளம் என்று கண்ணுக்கே தெரிந்தது. திருகினேன், இறுகியது. தலை மட்டும் வேறு நிறமாக இருந்தது. வரிசையில் ஒன்று மட்டும் உறுத்துகிறதே என்று பெயின்ட் தொட்டேன். அழகாக இருக்க வேண்டும் என்று ஐந்து நிமிஷம் செலவழித்தேன், ஐந்து நிமிஷம் அடியில் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு அவள் புகார்மேல் இரண்டு தடவை திறந்தேன். இரண்டு தடவையும் அந்த ஸ்க்ரூவை அட்டையில் அதன் இடத்தில் குத்தி வைத்து, அதே ஓட்டைக்கு மாறாமல் திருப்பி அனுப்பினேன். பையில் கொட்டிக் குலுக்குகிற எவராவது மூடியிருந்தால் அது வேறு எங்காவது போய்த் தொலைந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த இரண்டு தடவையும் கேபிளில் எள்ளளவு மினுமினுப்பைப் பார்த்தேன். தேய்மான எல்லைக்குள்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கப்பியும் இல்லாத, எதுவும் தொடாத நடுவழியில் கேபிள் எதற்காக மினுங்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேறு ஆள் இப்படி விட்டிருந்தால் கொட்டகைக் கூரை பறக்கும்படி கத்தியிருப்பேன். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று வீட்டில் புலம்புகிறவள் நான். இங்கே என் சட்டி மட்டும் மண்சட்டியா?

ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு ஆகட்டும் சாரிடம் போய், இதைப் போட்டது நான் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

அவர் கெட்டவர் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, புதுக் கேபிள் போட்டுவிடலாம் என்றார். நீளமான ஸ்க்ரூ ஒன்று கண்டுபிடித்து மாற்றப்பட்டது என்று எழுதினால் போதும், போட்டது யார் என்று அந்த ஸ்க்ரூ வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை என்றார். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம். அந்த முத்திரையில் இருக்கும் எண்ணை என் பிறந்த தேதியைவிட வேகமாகச் சொல்வேன். ஒரு நிமிஷம் நான் அந்த ஆறுதலை அனுபவித்தேன்.

அப்புறம் நாளைக் குழுவில் அவள் நிலை என்ன என்று கேட்டேன். அவர் யோசித்துத்தான் சொன்னார். ஸ்க்ரூ எப்போது வந்தது என்று தெரியாததால், இரண்டாம் புகாருக்காகப் போன மாதம் திறந்து மூடியபோது வந்திருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் மூன்றாவது புகார் மட்டும் உண்மை. முதல் இரண்டும் ஆதாரம் இல்லாதவை என்றே இருக்கும். ஆறு மாதம் மேசை வேலை, மனநலப் பரிசோதனை, பிறகு மெதுவாகப் பறக்க விடுவார்கள்.

"உங்க முத்திரையும் இருக்கும், அவங்க வேலையும் இருக்கும். ரெண்டு பேருக்கும் பெரிய நஷ்டமில்லை."

"முதல் நாள்லேருந்து அவ சொன்னது நிஜம் சார். அது அன்னைக்கே அங்க இருந்துச்சுன்னு சொல்ல என்னை விட்டா ஆள் இல்லை" என்றேன்.

அவர் ஆகட்டும் என்று சொல்லவில்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

அன்று வீட்டில் மாமியார் எனக்கு முதலில் பரிமாறினார். நாத்தனார் நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டினாள், ஸ்டோர் கீப்பர் எப்படிக் காலை எடுத்து வைத்தார் என்பது உட்பட. என் கணவர்கூடப் பல்லை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கோபக்காரி என்று பெயர் வாங்கியவளுக்குள் எவ்வளவு பெரிய கோழை இருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் தாள் எழுதி மடித்துப் பையில் இருந்தது. அதை மட்டும் கிழிப்பதில்லை என்று இருந்தேன்.

புதன்கிழமை பத்து மணி. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர், ஓரத்தில் ஆகட்டும் சார். நான் எழுந்து நின்று படித்தேன். ஸ்க்ரூவைப் போட்ட தேதி, டப்பா, பெயின்ட், அட்டை, மினுமினுப்பு, இரண்டு கையெழுத்து. எதையும் விடவில்லை. பக்கத்தில் நாத்தனார் மூச்சு விடும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பினால் மீதியைப் படிக்க முடியாது என்பதால் திரும்பவில்லை.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அது தப்பான ஸ்க்ரூன்னு போடும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"நீளம்னு தெரியும். தொடும்னு தெரியாது. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கலை."

முத்திரையை நானே எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒரு வருஷத்துக்கு அது எனக்கு இல்லை என்றார்கள். அதுவரை இன்னொருவர் மேற்பார்வையில்தான் என் கை வேலை செய்யலாம், அதன்பிறகு தேர்வு எழுத வேண்டும். நாத்தனாரின் மூன்று புகார்களும் உண்மை என்று பதிவு செய்து, தடையை அந்த இடத்திலேயே நீக்கினார்கள். அவள் நன்றி என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. காலையில் குளியலறைக் கதவைத் தட்டவில்லை. நான் வந்தால் ஒதுங்கி, முதலில் போக வழிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமியார் சுவரோடுகூடப் பேசவில்லை. என் கணவர் மட்டும் இரண்டாம் நாள், நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும் என்றார். பல்லைத் தேய்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த மூன்று நாளும் நான் புதுக் கேபிளைக் கோத்தேன். என்னிடம் வேலை கற்றவர் ஒருவர் மேற்பார்வையாளராகத் தலைமாட்டில் நின்று பார்த்தார், நான் முடித்த ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்துப் போட்டார். முதல் நாள் அவர் என்னிடம் பேசவே கூச்சப்பட்டார். பார்க்கிற வேலைக்கு வந்தால் குனிந்து பார், நின்று பார்க்காதே என்று நான் ஒரு சத்தம் போட்டதும் அவருக்குக் கூச்சம் தெளிந்தது. பலகை ஸ்க்ரூ அத்தனையையும் ஸ்டோரிலிருந்து புதிதாக வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து போட்டேன். அவரும் அளந்தார். என் டப்பாவை எல்லோர் முன்னாலும் குப்பையில் கொட்டினேன். சாயங்காலத்துக்குள் குப்பைத் தொட்டியில் இன்னும் ஒன்பது டப்பாக்கள் கிடந்தன.

சனிக்கிழமை காலை சோதனைப் பறத்தல். முழுச் சுமையோடு போய் வர வேண்டும் என்று உத்தரவு. மணல் மூட்டைகளை ஏற்றிக் கட்டி முடித்திருந்தோம். நாத்தனார் சீருடையில் வந்தாள். நேராக விமானிப் பக்கம் போகவில்லை. கையில் ஓர் அளவுகோல் வைத்திருந்தாள்.

மூன்றாம் பலகையைத் திறக்கச் சொன்னாள், என்னிடம் இல்லை, மேற்பார்வையாளரிடம். மூடி முத்திரை வைத்த தரையைத் திறக்கச் சொல்லும் விமானியை வேறொரு நாளாக இருந்தால் நான் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்று வாயைத் திறக்காமல் மூட்டைகளை நகர்த்தி, ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். அவள் மண்டியிட்டு ஒன்றொன்றாக அளந்தாள். இருபத்தெட்டு. பிறகு துணியை வாங்கிக் கேபிளில் முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம் இழுத்தாள். சரியாகத்தான் இழுத்தாள். எழுந்து, மூடலாம் என்றாள்.

மூடினேன். அதற்கும் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். மூட்டைகளைத் திரும்பக் கட்டினோம். நான் இறங்கப் போனபோது அவள் விமானி இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே பேசினாள்.

"எங்க போறீங்க அண்ணி? சோதனைப் பறத்தல்ல பராமரிப்பு ஆள் ஒருத்தர் கூட வரலாம். அந்தப் பலகை மேலேயே ஒரு சீட்டைப் பூட்டச் சொல்லுங்க."

மூன்று நாளில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். பூட்டு என்றேன். மணல் மூட்டைகளுக்கு நடுவே ஒற்றை இருக்கையைப் பூட்டி, அதன் ஸ்க்ரூக்களையும் அளந்து பார்த்துவிட்டு இறங்கினார். நான் உட்கார்ந்தேன். என் காலுக்குக் கீழே மூன்றாம் பலகை இருந்தது, அதன் அடியில் நான் கோத்த கேபிள் இருந்தது.

இன்ஜின்கள் ஓடத் தொடங்கின. ஓடுபாதையின் முனையில் விமானம் நின்றது. இருபத்திரண்டு வருஷமாக இதே விமானங்களைப் பறக்க அனுப்பியிருக்கிறேன், நான் சரி என்று சொன்ன ஒன்றில் நானே உட்கார்ந்து போனதில்லை. அவள் திரும்பி, இரைச்சலுக்கு மேலே கேட்டாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"எனக்கு அஞ்சு மாசமா இருந்துச்சு அண்ணி."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். விமானம் ஓடியது. நான் குனிந்து உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டேன். அவள் பிடியைத் தன் பக்கம் இழுத்தாள், கேபிள் என் காலடியில் நகர்ந்தது, மூக்கு மேலே எழுந்தது.